பர்மனென்ட்

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
எங்கள் பார்லரின் விலைப்பலகையில்
கெரட்டின் நாலாயிரத்து ஐநூறு.
பி.யூ.சி. இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரியில்
எனக்கு இருபத்தொன்பது.
பிணைப்புகள் பாடத்தில்தான் கவிழ்ந்தேன்.
இப்போது நாளைக்கு மூன்று தலையில்
அவற்றை உடைத்துவிட்டுத்தான்
டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்.

முடி புரதம். புரதம் நீளக் கயிறு.
ஒரு கயிற்றின் கந்தகமும் மறு கயிற்றின் கந்தகமும்
ஆளுக்கொரு எலெக்ட்ரான் போட்டு
சீட்டு நடத்துகின்றன.
சீட்டைக் கலைப்பது முதல் டப்பா.
இழுத்து நேராக்கி
புது ஆட்களோடு மறுபடி சேர்ப்பது இரண்டாவது டப்பா.
நடுவில் எழுகிற அழுகிய முட்டை வாசனைக்கு
ஊதுபத்தி, ஃபேன், என் சிரிப்பு.

டப்பா தேவையில்லாத பிணைப்பும் ஒன்று உண்டு.
ஹைட்ரஜன், பக்கத்துக் கயிற்றின் ஆக்சிஜன் மேல்
லேசாகச் சாய்ந்துகொள்வது.
பஸ்ஸில் நின்றபடி தூங்குகிறவர்
அடுத்தவர் தோளில் சாய்வாரே, அவ்வளவுதான்.
தண்ணீர் பட்டால் எழுந்துவிடும்.
ஆனால் கோடிக்கணக்கில் சாய்ந்திருக்கும்.

புதன்கிழமை மங்களகௌரி வந்து துப்பட்டாவை எடுத்தார்.
மூன்று அங்குலம்,
எல்லாம் சுருள்.
'இது என் முடி இல்லை' என்றார் கன்னடத்தில்.
ஐ.டி. கார்டை எடுத்து நீட்டினார்.
பி.எம்.டி.சி. கண்டக்டர், நடு வகிடு,
ஈர்க்குச்சி மாதிரி நேர் முடி.
நாளை மறுபடி டியூட்டி.
டிப்போவுக்கு இந்த ஆளாகத்தான் போக வேண்டும்.
'பர்மனென்ட்டா பண்ணிடுங்க.
நானே பர்மனென்ட் ஆகி பதினோரு வருஷம்.'

கிட்வாயில் ஆறு சுற்று மருந்து.
டி.என்.ஏ. ஏணியின் இரண்டு கால்களையும்
பிரியவிடாமல் சேர்த்துத் தைக்கிற மருந்து.
ஏணி பிரியாவிட்டால் புதுச் செல் இல்லை,
கட்டிக்கும் இல்லை
மயிர்க்காலுக்கும் இல்லை.
மருந்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாதி,
அவசரமாய்ப் பெருகுகிறவை.
அது ஓய்ந்தபின் முடி வந்தது,
விலாசம் மாறி வந்த கூரியர் மாதிரி.

முதல் டப்பாவின் மூடியைத் திருகினேன்.
மாதம் ஒரு சென்டிமீட்டர் என்று பார்த்தால்
நுனி, பிப்ரவரியில் கட்டியது.
'பிப்ரவரியில் என்ன சாப்பிட்டீங்க?'
ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.
'முட்டை வெள்ளை. மூக்கைப் பொத்திக்கிட்டு.
தினமும் நாலு.
ரெண்டு வெளியே வந்துடும்.'

மீதி ரெண்டின் கந்தகம்
இதோ என் சீப்பில் சிக்குகிறது.
மூடியைத் திருப்பித் திருகினேன்.
தோல் இன்னும் மெலிசு, டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.
அதுவும் உண்மைதான்.

தண்ணீர் தெளித்தேன், டிரையர் பிடித்தேன்,
ஸ்ட்ரெய்ட்னரை நூற்றைம்பதில் வைத்து
சாய்ந்திருந்த ஹைட்ரஜன்களை எழுப்பி
நேராக நிற்கவைத்தேன்.
'இன்னைக்கு மட்டும்தான் நிற்கும்.
இருநூற்றைம்பது குடுங்க.'

கண்ணாடியில் முகத்துக்குப் பக்கத்தில்
கார்டைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.
'இவளைத் தெரியுமா உங்களுக்கு?
ஆதார் காட்டலைன்னா
கிழவியைக்கூட இறக்கிவிட்டுடுவா.'

நாலு மணிக்கு வானம் தன் வேலையைத் தொடங்கியது.
குடை இருந்தது. விரிக்கவில்லை.
ரோட்டைத் தாண்டுவதற்குள்
காதோரம் ஒன்று சுருண்டது, பிறகு பிடரியில்,
பிறகு எண்ண முடியவில்லை.

பஸ் வந்தது.
படியில் ஏறி நின்று
தலையை ஒரு உலுக்கு உலுக்கினார்.
பக்கத்து ஆள் மேல் தண்ணீர்.
அவன் என்னவோ சொன்னான்.
இவர் திருப்பிச் சொன்னது கண்ணாடிக் கதவுக்கு உள்ளே
கேட்கவில்லை எனக்கு.
கையைப் பார்த்தேன்.
சண்டைதான்.